பேன்சீப்புக்கு இரண்டு சாவி

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ குழித்துறையில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய்விடுவாய். அதற்குள் உனக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாளைக்கறிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டே நீ கேட்டாய்: "எம்மா, நான் போனதுக்கப்புறம் சீப்ப ஒத்தைக்கு எப்பிடிப் பாப்ப? சாவிய எனக்கும் தாயேன்." நான் எழுந்து கை கழுவப் போனேன். என் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. நீ அதைப் பார்த்தாய். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். வாயைத் திறந்தால் எனக்குச் சண்டைதான் வரும் என்பதால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், நான் செய்த தப்பை எல்லாரும் பார்க்கும்படிதான் செய்தேன் என்பது.

மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பேன்சீப்பு என்பது நான் எழுதி இணையத்தில் இலவசமாகத் திறந்து போட்டிருக்கும் ஒரு சின்ன பேக்கேஜ். கணினி நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலின் மேல் இதை ஓட்டினால், வரி வரியாகப் போய் எங்கே குறை இருக்கிறது என்று காட்டும். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து தலை நிறையப் பேனோடு வந்தாய். உன்னை முழங்காலுக்கு நடுவே பிடித்து வைத்து, கீழே வெள்ளைத் தாளை விரித்து வாரினேன். நீ அலறினாய். தாளில் ஒவ்வொன்றாக விழுந்ததைப் பார்த்தபோது, இதே மாதிரி நிரலுக்கு ஒரு சீப்பு இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. குவைத்தில் இருந்த உன் அப்பா போனில் சொன்னார், "ஒனக்கு ஏத்த சோலியாக்கும்."

ஏத்த சோலிதான். மீன் வாங்கப் போனால் ஒவ்வொரு மீனுக்கும் செவுளைத் தூக்கி, விரலை விட்டு, மோந்து பார்ப்பேன். குளச்சல் சந்தையில் ஒரு மீன்காரி எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏட்டி, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் அடுத்த மீனைத் தூக்கினேன்.

நான் கல்லூரியை ஏன் விட்டேன் என்று உனக்கு ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறேன். உண்மை இதுதான். இரண்டாம் வருடம், ஆய்வகத்தில் ஆசிரியர் ஒரு மாதிரி நிரலைக் கொடுத்தார். எல்லாரும் பார்த்து எழுதினார்கள். நான் அது தப்பு என்றேன். உட்கார் என்றார். உட்காரவில்லை. தப்பான விடை வரும் எண்ணைக் கொடுத்து, அவர் கணினியிலேயே ஓட்டிக் காட்டினேன். வெளியே போ என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. உன் மாமா, என் அண்ணன், வீட்டுக்கு வந்து மன்றாடினார்: "சாருட்ட ஒரு மன்னிப்பு கேளுட்டி, தீந்து போச்சு." நான் கேட்டேன், "தப்பு அவருக்கதுல்லா?" அன்றைக்கு நான் சொன்னது சரி. என்னைக் கெடுத்ததும் அதுதான். ஒரு தடவை சந்தேகப்பட்டுச் சரியாக இருந்துவிட்டேன், அதற்குப் பிறகு சந்தேகம் வந்தாலே அது சரியாகத்தான் இருக்கும் என்று இருபது வருடம் திரிந்தேன்.

ஆனால் சீப்பின் விஷயத்தில் முதலில் நான் செய்தது அதற்கு நேர் எதிர். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். சீப்பு முழுவதும் நான் செய்ததில்லை. எழுத்துக்கு நிறம் கொடுக்க யாரோ எழுதிய பேக்கேஜ், கோப்புகளைத் தேட இன்னொருவர் எழுதியது, எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பைப் படிக்க மூன்றாவது ஆள் எழுதியது, இப்படிப் பன்னிரண்டு பேரின் தோளில் அது நிற்கிறது. ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பன்னிரண்டுக்கும் மாறி மாறி அப்டேட் வரும். வந்ததும் ஒரு தானியங்கி எனக்குத் தகவல் அனுப்பும், சோதனைகள் ஓடும், பச்சை விளக்கு எரியும், நான் சம்மதம் கொடுப்பேன். உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இடது கையால் சம்மதம் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள், அந்த நிறம் கொடுக்கிற பேக்கேஜ் கை மாறியிருக்கிறது. பழைய ஆளுக்கு அலுத்துப்போய், உதவிக்கு வந்த ஒருவனிடம் சாவியை, அதாவது புது வெர்ஷனை வெளியிடும் உரிமையை, கொடுத்துவிட்டார். வந்தவன் அடுத்த அப்டேட்டில், ஓட்டுகிறவர்களின் கடவுச்சொற்களைத் திருடும் சில வரிகளைச் சேர்த்து வைத்தான். நான் பச்சை விளக்கைப் பார்த்துச் சம்மதம் கொடுத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் அன்று சாயங்காலமே கண்டுபிடித்ததால் பெரிய சேதம் இல்லை. ஆனால் சில மணி நேரம், என் பெயர் போட்ட சீப்பின் வழியாக ஒரு திருடன் ஊர் ஊராகப் போய்வந்தான்.

அன்றைக்கு எல்லாவற்றையும் பூட்டினேன். பன்னிரண்டு பேக்கேஜுக்கும் வெர்ஷன் எண்ணை அப்படியே நிறுத்தி வைத்தேன். தானியங்கியை அணைத்தேன். இனி எதுவும் மாறாது, மாறாதது கெடாது என்று நினைத்தேன். அதில் இருந்த முட்டாள்தனம் எனக்கு இரண்டு வருடம் உறைக்கவில்லை. நாம் பூட்டி வைத்த பழைய வெர்ஷனில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால், பூட்டினது ஓட்டையையும் சேர்த்துத்தானே?

அப்போதுதான் நத்தை வந்தது. இணையத்தில் முகம் தெரியாத ஒருவர், பெயர் ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்தது, படத்தில் ஒரு நத்தை. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு திருத்தம் அனுப்பியிருந்தது. அமைப்புக் கோப்பைப் படிக்கிற பேக்கேஜின் பழைய வெர்ஷனில் ஓட்டை இருக்கிறது, யாராவது ஒரு கெட்ட கோப்பைத் தயாரித்து வைத்தால், சீப்பு அதைப் படிக்கும்போதே அதற்குள் இருக்கும் கட்டளை நம் கணினியில் ஓடிவிடும், புது வெர்ஷனுக்கு மாறினால் போதும் என்று மரியாதையாக எழுதியிருந்தது. மாற்றம் ஒரே ஒரு வரி. நான் என்ன செய்தேன்? அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது என்று பார்த்தேன். இரண்டு மாதம். திருத்தத்தைச் சேர்க்காமலே மூடிவிட்டேன். நத்தை மறுபடி அனுப்பியது, இந்தத் தடவை ஒரு சோதனைக் கோப்போடு. "நீங்கள் கவனமாக இருப்பது நல்லது. என்னை நம்ப வேண்டாம், இதை நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றது. திருடன் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தேன். அந்தக் கோப்பே பொறியாக இருக்கும் என்று நினைத்தேன். ஓட்டவில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இரண்டு மாதக் கணக்கு, பல்லைக் காட்டும் பேச்சு, ஒரே ஒரு வரி. இந்த வேஷத்தை நான் பார்த்திருக்கிறேன். வேறு வீட்டைப் போய்த் தட்டு." கீழே பத்துப் பதினைந்து பேர் கைதட்டியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நத்தை பிறகு பேசவில்லை.

மறுநாள் நீ வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய்.

"எம்மா, நத்த சொல்லது செரியாக்கும். அந்த ஓட்ட இருக்கு."

"ஒனக்கு ஆரு பறஞ்சா?"

"நானே பாத்தேன்."

"நீ எதுக்குப் பாத்த?"

"பாக்கக் கூடாதா? எல்லாரும் பாக்கதுக்குத்தானே தொறந்து போட்டிருக்க?"

"அவன் ஒன்கிட்ட பேசினானா?"

"எம்மா, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

இனி சொல்லப் போவது உனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை நீ கூட்டாளிகளோடு திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனாய். பஸ் திருவட்டாறு தாண்டுகிற நேரம் வரை காத்திருந்து, உன் லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும், உன் விரலைப் பார்த்து எப்போதோ படித்து வைத்திருந்தேன். நத்தையோடு நீ பேசியிருக்கிறாயா என்று உன் செய்திகளை எல்லாம் தேடினேன். இல்லை. உன் பிற கதைகள் இருந்தன, அவற்றை நான் படிக்கவில்லை என்று சொன்னால் பொய், மேலோட்டமாகக் கண்ணில் பட்டன. பிறகு ஒரு கோப்புறையைப் பார்த்தேன். அதே ஓட்டைக்கு அதே ஒரு வரித் திருத்தம், கூட மூன்று சோதனைகள், தேதி நத்தை வருவதற்கு முந்தினது. எனக்கு அனுப்ப ஒரு கடிதமும் தொடங்கியிருந்தாய். "எம்மா, கோவப்படாத" என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் நீ எழுதவில்லை.

நல்ல தாயாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ரெண்டு திருத்தமும் எப்படி ஒரே மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. ஒன்று நீதான் நத்தை, இல்லாவிட்டால் நத்தை உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே ஓட்டையை ரெண்டு பேர் பார்த்தால் ஒரே அடைப்புத்தான் தோன்றும் என்கிற சின்ன நியாயம் மண்டையில் ஏறவில்லை. சீப்பில் திருத்தம் செய்ய உனக்குக் கொடுத்திருந்த அனுமதியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். சாயங்காலம் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். உனக்குத் தகவல் வந்திருந்தது. "எதுக்கும்மா எடுத்த?" என்றாய். "பாதுகாப்புக்கு" என்றேன். துண்டைக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு சீப்பைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை, மாமா வந்த அந்த நாள் வரை.

அந்த நாள் காலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறு மாநிலத்தில் படிக்கும் ஒரு மாணவி. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரித் திட்டத்தை இறக்கி, அதில் குறை இருக்கிறதா என்று பார்க்க நம் சீப்பை ஓட்டியிருக்கிறாள். அதற்குள் ஒரு கெட்ட அமைப்புக் கோப்பு. சீப்பு அதைப் படித்தது, கட்டளை ஓடியது, அவள் இறுதியாண்டு வேலை இருந்த கோப்புறை முழுக்கப் போய்விட்டது. "உங்கள் சீப்பை நம்பி ஓட்டினேன். இதற்கான திருத்தம் உங்கள் பக்கத்திலேயே இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் மூடிக் கிடக்கிறது. ஏன் மூடினீர்கள்?" என்று கேட்டிருந்தாள். அவளையும் சந்தேகப்பட்டேன், மக்கா. ஆதாரம் அனுப்பு என்று பதில் போட்டேன். அவள் அந்தக் கோப்பை மட்டும் அனுப்பினாள். பழைய லேப்டாப்பில் இணையத்தைத் துண்டித்து, சும்மா பத்துக் கோப்புகளை ஒரு கோப்புறையில் வைத்து, சீப்பை ஓட்டினேன். ஓடி முடிந்ததும் பச்சை எழுத்தில் "குறை ஒன்றும் இல்லை" என்று வந்தது. கோப்புறையைத் திறந்தேன். காலி.

நான் அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் மாமா வந்தார், முட்டி வரை மணல், கையில் துணிக்கட்டு. அவருடைய பைபர் வள்ளத்தின் அடியில், பின்பக்கம் ஒரு துவாரம் உண்டு, கரையில் ஏற்றினால் உள்ளே நிற்கிற தண்ணீர் வடிய. கடலில் இறக்கும் முன்னால் அதில் அடைப்பு போட வேண்டும். நம் கரையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது: ஒருத்தன் போடுவான், இன்னொருத்தன் குனிந்து கையால் தொட்டுப் பார்ப்பான், பார்த்துவிட்டு "உண்டு" என்று சத்தமாகச் சொல்வான். அந்தச் சத்தம் வராமல் வள்ளத்தைத் தள்ள மாட்டார்கள். அன்று காலை மாமாவின் வள்ளத்தில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே, தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்து வள்ளக்காரர்கள் எல்லாரையும் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

"ஆரு அடைப்பு போட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"ஆரு தொட்டுப் பாத்தது?"

"அதும் நான்தாமுட்டி. இவனுவள நம்ப முடியுமா? போன மாசம் ஒருத்தன் குனியாமலே உண்டுன்னு பறஞ்சான். அதுக்கப்புறம் நானே போட்டு, நானே பாத்து, நானே உண்டுன்னு விளிக்கது."

"பின்ன வெள்ளம் எப்பிடிக் கேறிச்சு?"

"போட்ட மாதிரி ஒரு ஓர்ம, ஒரு நெனப்பு இருந்து. போட்டவனுக்கு, தொட்டுப் பாத்த மாதிரியும் இருந்து."

வாசலில் நின்ற நீ சிரித்துவிட்டாய். "மாமா, ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு, ஒரே சூக்கேடாக்கும்."

"சிரிக்காதல. வலை போயிருக்கு."

நீ சிரிப்பை நிறுத்தினாய். என் பக்கம் திரும்பினாய், திரையில் பச்சை எழுத்தைப் பார்த்தாய், பக்கத்தில் காலிக் கோப்புறையைப் பார்த்தாய். "நான் சொன்னேன்லாம்மா" என்று நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். மாமா அடுக்களையில் தானே கட்டன்காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது, திருத்தத்தை நான் எழுதினேன், நீ படித்தாய். "எம்மா, வெர்ஷன்ல ஒரு நம்பர் தப்பு." பார்த்தேன், தப்புத்தான். அவசரத்தில் ஓட்டை இருக்கிற வெர்ஷனின் எண்ணையே திரும்ப எழுதியிருந்தேன். நீ இல்லாவிட்டால் சரிசெய்துவிட்டேன் என்று ஊருக்கு அறிவித்து, ஓட்டையையே மறுபடி வெளியிட்டிருப்பேன்.

அந்த மாணவிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாதி வேலை தோழியிடம் பிரதியாக இருந்தது என்று பதில் வந்தது. மன்னித்ததாக எழுதவில்லை. நத்தைக்கும் எழுதினேன், திட்டிய அதே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி. சீப்பில் கைவைத்தவர்களின் பட்டியலில் அந்தத் திருத்தத்துக்கு நத்தையின் பெயரைப் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன், அந்தப் படம் அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, எனக்குத் தெரியாத என் ஓட்டையை நேரம் செலவழித்து அடைக்க வந்தார். நான் வாசலில் வைத்து அவமானப்படுத்தி அனுப்பினேன். அவர் அடுத்த வீட்டில் ஓட்டையைப் பார்த்தால் தட்டுவாரா?

நீ போகிற வேலையும் இதுதான். ஊரார் ஓட்டையைத் தேடுகிற வேலை. என்னைப் போல இருக்காதே என்று சொல்லப் போவதில்லை, நீ என் மகன், செவுளைத் தூக்கத்தான் செய்வாய். தூக்கு. ஆனால் மீனின் செவுளைத் தூக்கு. மீன்காரியின் முகத்தைப் பார்த்து மீன் நாறுகிறது என்று நான் முடிவுசெய்தேன். கணக்குக்கு எத்தனை மாதம், பேச்சு எத்தனை இனிப்பு என்று பார்த்த நேரத்தில், அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். பச்சை விளக்கையும் நம்பாதே, அது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வேலையில் மூத்தவர் ஒருவர் "இதெல்லாம் நான் பாத்தாச்சு" என்று சொன்னாலும் குனிந்து தொட்டுப் பார். கோபப்பட்டால் படட்டும். இதே மாதிரி உன் வேலையை வேறு ஒருவன் தொட்டுப் பார்க்க வந்தால் நீ கோபப்படாதே. எனக்கு அது வரவே இல்லை. இப்போதும், நீ சாவியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இவனிடம் இதை யார் கேட்கச் சொன்னார்கள் என்பதுதான். அதனால்தான் எழுந்து கை கழுவப் போனேன். அந்த முகத்தோடு உன் எதிரே இருக்க முடியவில்லை.

சரி, பதில். முழுச் சாவியைத் தர மாட்டேன். என்னிடமும் இனி முழுச் சாவி கிடையாது. இன்று காலையில் சீப்பின் விதியை மாற்றிவிட்டேன். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்துச் சம்மதிக்காமல் எதுவும் வெளியே போகாது. நான் எழுதினால் நீ, நீ எழுதினால் நான். அனுமதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், போனைப் பார். வெளியாட்கள் அனுப்பும் திருத்தங்களை ஏற்பதில்லை என்று நான் எழுதி வைத்திருந்த வரியை எடுக்கவும் ஒரு மாற்றம் அனுப்பியிருக்கிறேன். அதில் வேண்டுமென்றே ஏதாவது தப்பு வைத்து உன்னைச் சோதிக்கிறேனோ என்று நினைப்பாய். நினை. நான் சொல்ல மாட்டேன்.

அதோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் அனுப்பியிருக்கிறேன், சீப்பின் முகப்புப் பக்கத்தில் போடுவதற்காக. உன் லேப்டாப்பை நான் திறந்தது இதில் இருக்கிறது. உனக்கு வேண்டாம் என்றால் தள்ளிவிடு, நம் இரண்டு பேரோடு போகட்டும், ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் ஒரு தடவைதான். அவசரமில்லை, ரயிலில் நிறைய நேரம் இருக்கிறது. வரி வரியாகப் படி. என் பெயர் போட்டிருக்கிறது என்பதற்காகச் சம்மதம் கொடுத்துவிடாதே. வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், என் மகன் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு "உண்டு" என்று சொல்லியிருக்கிறான்.

அம்மா